ஐந்தாவது சீட்டு

கல்முனையில் ஒரு கலியாண மண்டபம்.
நேற்றைய மணவறையின் ஜிகினா
இன்னும் மேடையில் ஒட்டியிருக்க
எட்டு மேசை, எட்டு அணி,
வெள்ளைப் பலகையில் நீலமாய்ப் பெயர்கள்.
பாம்பு வரிசை என்றார்கள்:
ஒரு சுற்று தலையிலிருந்து,
மறு சுற்று வாலிலிருந்து.
நாங்கள் வயிறு.

மூன்றாம் சுற்று.
எங்களுக்கு இடப்பக்கக் காவல் இல்லை.
இருந்த நிரோஜன் சித்திரையில் கட்டாருக்குப் போய்விட்டான்.
அங்கே ஒரு லிஃப்டில்
மேலும் கீழும் போகிறானாம் நாள் முழுக்க.
அவன் போனபின் வாங்கிய ஏழு கோலில்
ஐந்து அந்த வழியால் வந்தது.
கணக்கு என்னிடம் இருக்கிறது.
கணக்கெழுதத்தான் என்னைக் கூட்டி வந்தார்கள்.

இடப்பக்கத்துக்கென்று பலகையில் மிச்சம் ஒரே பெயர்:
ரொட்னி பல்தசார், முப்பத்தொன்று,
புளியந்தீவில் வெல்டிங் கடை.
ஓடச் சொன்னால் ஓடுவார், நிற்கச் சொன்னால் நிற்பார்.
அவரைப் பற்றி எவரும் சொன்னது அவ்வளவுதான்.

அதே பலகையில்,
நாலு மேசை தாண்டியும் எப்படியோ அழிபடாமல்,
ஹில்மி.
மருதமுனை, வயது பத்தொன்பது.
தேர்வு ஆட்டத்தன்று திடீர் மழை.
தண்ணீர் நின்ற மைதானத்தில்
பந்தை நனையாமல் கொண்டுபோனான்.
கண்ணால் கண்டேன்.
எழுத என் கொப்பியில் அதற்கொரு கட்டம் இல்லை.
முன்னால் ஓடுகிறவன்.
முன்னால் ஓட எங்களிடம்
ஏற்கெனவே மூன்று பேர்.

தலைவர் கிருபைராசா வயல்காரர்.
"வரம்பு உடைஞ்சு கிடக்கு,
விதைநெல்லப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க.
தண்ணி நிக்காத வயலுக்கு
எந்த நெல்லெண்டா என்ன?"

பயிற்சியாளர் முனாஸ்:
"வரம்பு கட்ட மண்வெட்டி காணும் ஐயா.
இந்த விதை மறுகா வராது."

இரண்டும் சரி.
அதுதான் கஷ்டம்.

தொண்ணூறு வினாடியில் ஐம்பது போய்விட்டது.
ஹில்மியை எடுத்து இடப்பக்கம் நிறுத்துவமா என்றார் முனாஸ்,
தனக்கே நம்பிக்கையில்லாத குரலில்.
பொத்தான் வாங்கப் போன இடத்தில்
பட்டைக் கண்டுவிட்டால்
பட்டை வெட்டியா பொத்தான் செய்வது?

ஆறாவது மேசை அக்கரைப்பற்று.
பார்க்காத மாதிரி எங்களைப் பார்த்தார்கள்.
அவர்களுக்கும் இடப்பக்கம் காலி.
நாங்கள் ஹில்மி என்றால் அவர்கள் ரொட்னி.
நாங்கள் ரொட்னி என்றால்
அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.
பேனா என்னிடம்.
எழுதினேன்.
ரொ-வின் கொம்பு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

ஆறாவது மேசையில் கதிரைகள் கிரீச்சிட்டன.

ஏழு ஆட்டம், ஏழு கிழமை.
கொப்பியில் இடப்பக்கக் கட்டம் காலியாகவே கிடந்தது:
அந்த வழியால் எதுவும் நடக்கவில்லை.
நடக்காததை எந்தப் பேப்பரும் போடாது.
ரொட்னியும் கேட்டதில்லை.
கடையில் ஒரு கேற் பாதியில் கிடக்கிறது என்று
சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே போய்விடுவார்.

ஹில்மி அக்கரைப்பற்றுக்கு ஒன்பது கோல் அடித்தான்.

அதில் ஒன்று எங்களுக்கு.
முதல் தரம் ரொட்னியின் பக்கம் வந்தான், திரும்பிப் போனான்.
இரண்டாம் தரம் வந்தான்,
பந்து வெளியே போனது.
மூன்றாம் தரம் வரவேயில்லை.
மைதானத்தைக் குறுக்கே கடந்து
வலப்பக்கத்தால் நுழைந்தான்,
குறையே இல்லையென்று
நான் கட்டம்கூடப் போடாத பக்கத்தால்.

இடுப்பில் கை ஊன்றி
ரொட்னி தூரத்தில் நின்று பார்த்தார்.
முனாஸ் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
கிருபைராசா தேத்தண்ணி வாங்கித் தந்தார்,
எனக்கு மட்டும் பால் விட்டு.

பட்டியலில் நாங்கள் நாலாவது.
வயிறு.

வாடை மழை பிடித்துவிட்டது.
கோல் கம்பத்தின் கால்கள் தண்ணீருக்குள்.
வலப்பக்கத்துக்கு ஒரு கட்டம் கீறினேன்.
பிறகு அதன் பக்கத்தில்,
தலைப்பு ஒன்றும் எழுதாமல்,
இன்னொன்று.